வில்லிசை: கேட்டலும் காண்டலும்

பாடுவோரே வாத்தியத்தையும் இயக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. கித்தார் ஏந்திப் பாடும் மேனாட்டாரை அறியாதார் இலர். பிரேசில் நாட்டார் சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றை நாண் வில்லைத் தட்டிக்கொண்டே பாடுவர். அதற்குப் பெரிம்பாவ் என்று பெயர். நம் தென்பாண்டி நாட்டிற்கு இவ்வகையில் வாய்த்தது வில்லுப்பாட்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழங்கொம்பில் மரல்நாரைப் பூட்டி வில்யாழ் இசைத்தமை கூறப்படுகின்றது. அதுவே இதற்குத் தாய் என்பாரும் உளர். அது விரலால் இசைத்தது; இது கோலால் அடிப்பது. ஆதலின் யான் அவ்வளவு விரைந்து உறவு கொண்டாடத் துணியேன்.

நிற்க. சென்ற ஆண்டு வகுப்பில் யான் இக்கலையைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். எங்கள் பக்கத்து அண்ணாவி ஒருவருடைய ஒலிப்பதிவுகளே அதற்கு ஆதாரம். சிவகாசியில் எங்கள் தெருப் பெண்டிர் திண்ணையிலிருந்து தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டும்போது அக்குரலைக் கேட்டே யான் வளர்ந்தேன். வில்லே சுருதி தருவதென்றும், குடம் வெறுந் துணை என்றும், பின்பாட்டுக்காரர் சொல்லும் 'ஆமாம்' மூச்சு வாங்குதற்கோர் உபாயம் என்றும் அக்கட்டுரையில் எழுதியிருந்தேன். மூன்றும் பிழை. அவரை நேரிற் கண்ட ஓர் இரவே அதனை உணர்த்திற்று.

சாத்தூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் அம்மன் பொங்கல். இரவு பத்து மணிக்கு வில் அமைத்தனர். ஆள் உயரத்தினும் நீண்ட அவ்வில்லின் முதுகு மண்குடத்தின் கழுத்திற் பொருந்தி நிற்க, தோல் நாண் மேற்புறமாக அமைந்தது. வில்லிலே மணிகள் வரிசையாகத் தொங்கின. நடுவில் அண்ணாவி இரு வீசுகோல்களுடன் அமர்ந்தார். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றோடு மற்றவர் வலமும் இடமுமாக அமர்ந்தனர். ஒலிப்பதிவில் மலைபோலத் தோன்றிய அக்குரலுக்கு உடையவர் மெலிந்த முதியவராயிருந்தது எனக்கு முதலில் ஏமாற்றமாகவே இருந்தது.

கதை முத்துப்பட்டன் கதை. மறையவர் குலத்துப் பிறந்தும், தோல் தொழில் செய்வோர் மகளிராகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அவர்தம் தொழிலையும் ஏற்று, ஆநிரை காக்கச் சென்று கொலையுண்டவன் அவன். அவன் கதையைத் தோல் நாண் பாடுவது பொருத்தமே.

நள்ளிரவில் மின்சாரம் நின்றது. ஒலிபெருக்கி ஊமையாயிற்று. அப்பொழுதுதான் குடத்தைக் கேட்டேன். மட்டை அதன் வாயில் விழுந்தோறும் உள்ளிருக்கும் காற்று அதிர்ந்து, அவ்வதிர்வு தரைவழியே எங்கள் கால்களை எட்டிற்று. குறுகிய வாயுடைய கலத்தினுள் அடைபட்ட காற்று தனக்குரிய ஒரு சுரத்தில் அதிரும் என்பதைச் செர்மானிய அறிஞர் எல்ம்கோல்ட்சு 19 ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து விளக்கினார். அவ்வதிர்வு ஒலிப்பதிவில் முற்றும் அமுங்கிப்போகின்றது. வில்லின் நாணோ பாட்டின் சுரங்களைத் தொடர்வதன்று. மணிகளோடு கூடிக் கதையின் நடையை விரைவிப்பதும் தளர்த்துவதுமே அதன் வேலை.

இடைவேளையில் அவரை அணுகி, "ஐயா, நாணை எந்தச் சுருதிக்குக் கூட்டுவீர்கள்?" என்று வினவினேன்.

"அது சுருதிக்கு இல்லை, தம்பி. எனக்குக் கோபம் வரும்போது அடிக்க ஒன்று வேண்டாமா?" என்று நகைத்தார்.

வில்லுப்பாட்டுக் கதைகளிற் பல, அகாலமாய் இறந்து தெய்வமானோரைப் பற்றியன. இக்காலச் செய்திகளையும் அதனுட் புகுத்திப் புகழ்பெற்றவர் சுப்பு ஆறுமுகம் ஆவர். கலைவாணரால் ஆதரிக்கப்பெற்று, காந்தியடிகள் கதையை வில்லில் ஏற்றி, 2021 இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022 இல் மறைந்தார். அவர் செய்தது பெருந்தொண்டே. ஆயினும் பழங்கதைக்கும் இன்றைய துயருக்கும் தொலைவு மிகுதி என்று எண்ணியிருந்த எனக்கு அவ்விரவு வேறு கண்டது.

கணவனை இழந்த மகளிர் இருவரும் தீயில் இறங்கும் இடம் வந்தது. அவ்வூரிலே வெடிவிபத்திற் பறிகொடாத வீடு சிலவே என்பதை யான் பிறகே அறிந்தேன். ஒற்றைப் பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் அண்ணாவி வீசுகோல்களை மடியில் வைத்துவிட்டார். குடமும் நின்றது. வெறுங் குரலால், தீ அவர்களைத் தீண்டிய வகையை ஓரோரடியாகச் சொல்லி, ஒவ்வோரடிக்கும் நிறுத்தினார். பின்பாட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. இருளில் அமர்ந்திருந்த பெண்டிர் கூட்டத்தினின்று ஒரு குரல் "ஆமாம்" என்றது. அடுத்த அடிக்கு நாலைந்து குரல்கள். அதற்கடுத்த அடிக்கு அப்பக்கம் முழுதும். ஒருவரும் அழவில்லை, நடந்ததற்குச் சாட்சி சொல்வார்போல அவ்வொரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தனர். எவ்வளவு நேரமென்று எனக்கு நினைவில்லை. பின்பு அவர் கோல்களை எடுத்து ஒரே அடியாக நாணில் வீசினார்; மணிகள் அத்தனையும் அலறின.

விடியுமுன் பட்டாசு ஆலை வண்டி சாலையில் வந்து நின்று குழல் ஊதிற்று. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பெண்டிர் சிலர் எழுந்தனர். அண்ணாவி வாழி பாடத் தொடங்கியிருந்தார். வண்டி ஏறியவர்கள் அது முடியும்வரை சன்னலோரமாகத் திரும்பியே இருந்தனர்.