தொட்டியை உயர்த்தவா, பம்பு போடவா?

லண்டனில் இருக்கும் அக்கா குளிர்காலத்தில் போன் பண்ணினால் பேச்சு எப்படியும் பாய்லரில் வந்து நிற்கும். "முள்ளு ஒண்ணுக்குக் கீழ இறங்கிடுச்சுடா, வீடு சூடாகவே மாட்டேங்குது." அங்கே பாய்லர் என்பது சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களுக்கெல்லாம் வெந்நீரைச் சுற்றவிடும் பெட்டி. பாய்லர் குளிர்ந்திருக்கும்போது அதன் பிரஷர் காட்டும் முள் 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் சின்ன வால்வு ஒன்றைத் திறந்து தண்ணீர் ஏற்றிக்கொள்ள வேண்டும். 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்தில் எங்களுக்கு அந்த முள் இல்லை. இங்கே பாய்லர் என்றால் டீக்கடையில் இருப்பது. வீட்டுக்குள் என்றால் பாட்டி வைத்திருந்த செம்பு பாய்லர்: நடுவில் கரி போடும் குழல், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய், பக்கத்தில் ஒரு குழாய். எவ்வளவு ஊற்றுகிறோமோ அவ்வளவு வெந்நீர் வரும். பிரஷர் என்ற பேச்சே எழாது. இப்போது குளியலறையில் ஹீட்டர், மொட்டை மாடியில் சோலார். மார்கழி பிறந்தால் தெருவெல்லாம் ஒரே புலம்பல்: "வெந்நீர்ல ஃபோர்ஸே இல்ல."

அதற்குக் கடையில் சொல்லும் மருந்து பிரஷர் பம்பு. நானும் அரை எச்பி பம்பு ஒன்றை வாங்கி மாட்டினேன். பச்சைத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வெந்நீர் பழையபடி நூலாக வந்தது. கோளாறு பிரஷரில் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஹீட்டரின் வாய் உப்புப் படிந்து பென்சில் முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

ஆகவே எதையும் வாங்குமுன் ஒரு வாளியும் கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் வாளியைப் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வைத்து நிறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அதே வாளியை வெந்நீர்க் குழாயிலும் வையுங்கள். பச்சைத் தண்ணீர் இரண்டு நிமிடத்திலும் வெந்நீர் ஐந்து நிமிடத்திலும் நிறைந்தால், அடைப்பு ஹீட்டரிலோ அதன் குழாயிலோதான். பம்பு, ஸ்டாண்டு எதுவும் வேண்டாம். ஹீட்டரைத் திறந்து உப்பைச் சுரண்டுவதே வேலை. இரண்டுமே மெதுவாக நிறைந்தால்தான் உயரத்தையோ குழாயின் அகலத்தையோ பற்றிப் பேச வேண்டும். குழாயில் போதுமான தண்ணீர் வந்து ஷவரில் மட்டும் வராவிட்டால் அது வேறு கதை, பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. தண்ணீர் 33 அடி உயரத்திலிருந்து அழுத்தினால் சுமார் 1 பார். ஓர் அடிக்கு 0.03 பார். ஒரு மாடி கூட இல்லாத தளவீட்டில் மொட்டை மாடித் தரை பத்தரை அடி உயரத்தில் இருக்கும். தொட்டியை அந்தத் தரையிலேயே வைத்திருந்தால், ஏழடி உயரத்து ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் இடைவெளி மூன்றரை அடிதான்; தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் 0.1 பார். அதே சுவரில் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும் வாளிக்குழாய்க்கு எட்டடி; 0.24 பார். வாளி நிறைவதும் ஷவர் அழுவதும் இதனால்தான். அக்காவின் பாய்லரில் முள் இந்த அளவுக்கு இறங்கினால் இயந்திரம் நின்றேவிடும். நாம் இதில்தான் காலம் தள்ளுகிறோம்.

தொட்டியை மூன்றடி ஸ்டாண்டில் ஏற்றினால் ஷவருக்கு ஆறரை அடி கிடைக்கும். அழுத்தம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் அழுத்தம் இரட்டித்தால் தண்ணீரும் இரட்டிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், சுமார் 1.4 மடங்குதான் வரும். குழாயை அகலப்படுத்தும்போது இதைவிட அதிகம் கிடைக்கும். அரை இஞ்சுக் குழாயை முக்கால் இஞ்சாக மாற்றினால் அதே உயரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் ஓடும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் தொட்டியிலிருந்து ஒரு இஞ்சில் கிளம்பும் குழாய், சமையலறைக்குப் போவதற்குள் முக்காலாகி, குளியலறைச் சுவருக்குள் அரையாகிவிடுகிறது. நடுவில் ஏழெட்டு எல்போ, பாதி மட்டுமே திறக்கும் கேட் வால்வு ஒன்று. உயர்த்துவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் குளியலறைவரை முக்கால் இஞ்சுக்குக் குறையாமல் இழுத்து, வழியில் முழு வாய் திறக்கும் பால் வால்வு போடுங்கள். வெந்நீர்ப் பக்கம் சிபிவிசி மட்டும்தான்; சாதாரண பிவிசி சூட்டில் இளகி, மூட்டில் கழன்றுவிடும்.

குழாயை அகலப்படுத்துவது, தொட்டியை உயர்த்துவது இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டால் பெரும்பாலான தளவீடுகளுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலில் மேல் தளம்வரை மண்குழாய் வழியே தண்ணீர் ஏறியதாகச் சொல்வார்கள். அங்கே மோட்டார் ஏது? தண்ணீர் இருந்த உயரம்தான் ஏற்றியிருக்க வேண்டும்.

ஸ்டாண்டு போடும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை. தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ வரும் இடத்தில் கால்கள் நிற்க வேண்டும். தொட்டியைக் கட்டியும் வையுங்கள். 2011 டிசம்பர் தானே, 2024 நவம்பர் ஃபெஞ்சல் என்று புதுவைக் கரையைத் தாண்டும் புயலெல்லாம் நம் மாவட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. ஃபெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. காலித் தொட்டிக்குக் காற்றில் எடையே இல்லை.

இனி பம்பு. அது கூடாது என்று நான் சொல்லவில்லை. மேல்மாடியிலும் குளியலறை இருந்தால், அதன் கூரைமேலேயே தொட்டி உட்கார்ந்திருந்தால், சிங்கிள் லீவர் மிக்ஸரும் மழைபோல் கொட்டும் பெரிய ஷவரும் வாங்கிவிட்டிருந்தால் பம்பு வேண்டும்தான். அந்தச் சாமான்கள் 1 பார், அதற்கு மேல் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. ஷவர் மட்டும் அழுகிறது என்றேனே, அதன் விடை பல வீடுகளில் இங்கேதான் இருக்கிறது. ஆனால் சிங்கிள் லீவரைக் கழற்றிவிட்டு, வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் தனித்தனிப் பிடி உள்ள பழைய வால் மிக்ஸரைப் போட்டால், பம்பு இல்லாமலே ஷவர் ஓடிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

பம்பு போடும் வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதுவரை உங்கள் வீடு திறந்த அமைப்பு. தண்ணீர் சூடாகி விரிந்தால் வந்த வழியே தொட்டிக்குத் திரும்பிவிடும். அல்லது ஏர் பைப் வழியாக மேலே போகும். வழியில் திரும்பாத வால்வு இல்லாதவரை தொட்டியின் உயரத்தைத் தாண்டி அழுத்தம் ஏறாது. பம்பை மாட்டிய நிமிடம் வீடு மூடிய அமைப்பு ஆகிவிடுகிறது. அக்காவின் லண்டன் வீட்டோடு உங்கள் வீடும் சேர்ந்துவிடுகிறது. 25 லிட்டர் ஹீட்டரில் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விரியும். அது எங்கே போகும்? ஹீட்டருக்கு அடியில் இருக்கும் மல்டி ஃபங்ஷன் வால்வு வழியாகச் சொட்டும். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது கோளாறு இல்லை, வால்வு தன் வேலையைச் செய்கிறது. சொட்டுகிறதே என்று மூடி போட்டு அடைத்தவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்; அடைபட்ட ஹீட்டர் வெடிக்கும். சூடு இல்லாதபோதும் ஓயாமல் சொட்டினால் உள்ளே மண்ணோ உப்போ மாட்டியிருக்கும். கழற்றிக் கழுவினால் சரியாகும், இல்லாவிட்டால் வால்வை மாற்ற வேண்டும்.

பம்புகளிலும் இரண்டு வகை. குழாயைத் திறந்தால் ஓடி, மூடினால் நிற்பது ஒன்று. பக்கத்தில் சின்ன உருளைத் தொட்டியோடு வருவது இன்னொன்று. இரண்டாவதையே நான் சொல்வேன். அந்த உருளைக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. அதற்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. ஒரு சொம்பு தண்ணீர் எடுத்ததற்கெல்லாம் பம்பு ஓடாமல் அந்தக் காற்று தாங்கிக்கொள்ளும். அக்காவின் பாய்லருக்குள்ளும் இதே பைதான். அங்கே முள் அடிக்கடி இறங்குவதற்கு இதில் காற்று போவதும் ஒரு காரணம். பம்பு எந்த அழுத்தத்தில் ஓடத் தொடங்குகிறதோ அதைவிட 0.2 பார் குறைவாகக் காற்று இருக்க வேண்டும். பம்பு டக் டக்கென்று ஓடி ஓடி நின்றால், கரண்டை அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, பஞ்சர் கடைக் கேஜால் அந்தக் காற்றைப் பாருங்கள். பம்பை ஒட்டி பைபாஸ் குழாய் ஒன்றும் போட்டுவையுங்கள். கரண்ட் இல்லாத நாளில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குளியலறையில் சொட்டு வராமல் போன வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

சோலார் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். கண்ணாடிக் குழல் வைத்த சாதாரணச் சோலாரின் தொட்டி அழுத்தம் தாங்காது. பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடி, சோலார் தொட்டியின் தலையைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோலார் நிறையாது. அதன் ஏர் பைப், பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தையும் தாண்டி நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் வெந்நீர் மாடியில் கொட்டும். இந்தத் தொட்டிக்குள் தண்ணீர் போகும் வழியில் பிரஷர் பம்பை மாட்டினால் தொட்டி உப்பும், மூட்டு கிழியும். பக்கத்து வீட்டுச் சித்தப்பா வீட்டில் ஒரே வாரத்தில் நடந்தது. பம்பு வேண்டுமென்றால் சோலாரிலிருந்து வெளியே வரும் குழாயில், கொதிநீர் தாங்கும் பம்பாகப் பார்த்துப் போட வேண்டும். அப்போதும் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் அதே வேகம் இல்லாவிட்டால், மிக்ஸருக்குள் வலுத்தது இளைத்ததைப் பின்னுக்குத் தள்ளும். இரண்டு பக்கமும் பம்பு, இரண்டிலும் திரும்பாத வால்வு என்று செலவு வளரும். பிரஷர் தாங்கும் சோலார் தொட்டி தனியாக விற்கிறது. பம்பு உறுதி என்றால் சோலார் வாங்கும்போதே அதைக் கேளுங்கள். இன்னொன்று: தண்ணீர் தீர்ந்து காய்ந்த சோலாரில் நடுப்பகலில் மோட்டார் போடாதீர்கள், குழல் விரிசல் விடும். மாலைவரை பொறுங்கள்.

இன்ஸ்டன்ட் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கதையே தலைகீழ். 3 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீரைச் சுமார் 14 டிகிரிதான் உயர்த்தும். மார்கழிக் காலையில் 24 டிகிரியில் வரும் தண்ணீர் 38 ஆகும், குளிக்கச் சுகம். பம்பு போட்டு நிமிடத்துக்கு ஆறு லிட்டர் ஆக்கினால் 31 டிகிரிதான். வெந்நீர் என்று பெயர்தான் இருக்கும். இங்கே குறைந்த வேகம் குறையே இல்லை. பம்பு போட்ட வீட்டுக்கு 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர்தான் பொருந்தும். 8 பார் தாங்கும் என்று அதன் மேல் எழுதியிருக்கிறதா பாருங்கள். 25 லிட்டரை 35 டிகிரி உயர்த்தச் சுமார் ஒரு யூனிட். தினம் ஒரு முறை போட்டால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்.

கேஸ் ஹீட்டர் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. குறைந்த அழுத்தத்திலும் பற்றிக்கொள்ளும் வகைகள் உண்டு, செலவும் குறைவு. ஆனால் மூடிய குளியலறைக்குள் அதை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், வாசனையும் வராது. வெளிச்சுவரில் மாட்ட இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

உப்பு விஷயத்தில் எந்த வகையும் தப்பாது. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகக் கட்டும். 60 டிகிரிக்கு மேல் போனால் வேகமாகக் கட்டும். தெர்மோஸ்டாட்டைச் சற்றுக் குறைத்துவைத்து, வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசியிலேயே, திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். பிளம்பர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: தளவீடு, வாளிக் குளியல் என்றால் அகலக் குழாயும் மூன்றடி ஸ்டாண்டும் போதும். சோலார் இருந்தால் இன்னும் உறுதியாக அதுவே. மேல்மாடிக் குளியலறையில் ஷவர் கட்டாயம் வேண்டுமென்றால் உருளையோடு வரும் பம்பும், 8 பார் ஸ்டோரேஜ் ஹீட்டரும், பைபாஸும் சேர்த்து வாங்குங்கள். மூன்றில் ஒன்றை விடுவதாக இருந்தால் மற்ற இரண்டையும் வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் பாதிப் பேர் இன்னமும் வாளியும் சொம்பும்தான். அரை எச்பி பம்பைக் கழற்றி, தோட்டத்து முருங்கைக்கும் வாழைக்கும் மாட்டிவிட்டேன்.