அறியாமையும் அறிய மறுத்தலும்

திருக்குறளின் பொருட்பாலில் 84ஆம் அதிகாரம் பேதைமை. அதனை அடுத்த 85ஆம் அதிகாரம் புல்லறிவாண்மை. இரண்டும் அறிவின் குறையையே பேசுகின்றன. அங்ஙனமாயின் ஒன்றே அமையாதோ, இரண்டு எற்றுக்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பு. உரையாசிரியர் பரிமேலழகர் இவ்வேறுபாட்டினைத் தெளிவுபடுத்துவார். யாதும் அறியாதிருத்தல் பேதைமை. சிறிதளவு அறிந்து, அதனையே பேரறிவாக மதித்து, உயர்ந்தோர் கூறும் உறுதிமொழியை ஏலாதிருத்தல் புல்லறிவாண்மை. முன்னது விளக்கில்லாத வீடு. பின்னது விளக்கு வந்துவிடுமே என்று கதவைத் தாழிட்ட வீடு.

இக்குற்றம் கல்லாதாரிடமே உண்டென்று எண்ணற்க. கற்றாரிடத்தும் இது குடிகொள்ளும். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த சுவாமிநாத தேசிகர் இலக்கணக்கொத்து என்னும் நூலை இயற்றிய பெரும்புலவர். வடமொழி, தென்மொழி இரண்டிலும் வல்லவர். அத்தகையவரே தம் நூலின் உரையில், பத்துப்பாட்டு, எட்டுத்தொகை முதலியவற்றை ஒரு பொருளாகக் கருதி ஓதுவோர் வாழ்நாளை வீணாக்குவதாகக் கடிந்துரைத்தார். அவர்தம் சைவப் பற்றினையும் இலக்கணப் புலமையையும் யாம் குறைகூறுகிலோம். நூல்களின் பெயரை நன்கறிந்திருந்தும் அவை வேண்டா என்றாரே, அதுவே ஈண்டுக் கருதற்பாலது. இம்மனப்பான்மை அவரொருவரோடு நின்றதன்று. ஏடுகள் பரணிற் கிடந்து செல்லுக்கு இரையாயின.

இனி மற்றொருவரைக் காண்போம். 1880ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற பெருமை உடையவர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூர்க்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சென்று கண்டார். என்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பெரியதொரு பட்டியலை அடுக்கினார். முதலியார் வியந்தாரில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை.

இவ்விடத்தில்தான் வழி இரண்டாகப் பிரிகின்றது. ‘எம் ஆசிரியரே பாடஞ் சொல்லாத நூல், அதுவும் சமண நூல், எமக்கெதற்கு?’ என்று ஐயர் திரும்பியிருப்பின் அவரைக் குறைகூறுவார் அக்காலத்தில் எவருமிலர். அவரோ முதலியார் தந்த பிரதியை வாங்கிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். சமண சமயச் சொற்கள் விளங்கவில்லை. தாமே ஒரு பொருளை ஊகித்து எழுதிவிடாமல், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கு நடந்து சென்று, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். ஒருநாள் சமண அம்மையார் ஒருவர் அவரைப் பவ்ய ஜீவன் என்று குறிப்பிட்டனர். வீடுபேற்றிற்குரிய பக்குவம் உடைய உயிர் என்பது அதன் பொருள். பிற சமயத்தாரை அவ்வாறு சொல்லுதல் எளிதன்று. வினவுவோரின் உண்மை வேட்கையை அம்மையார் கண்டுகொண்டனர் போலும்.

சைவ மடத்தோடு தொடர்புடையார் சமண காவியத்தை அச்சிடலாமோ என்று முணுமுணுத்தோரும் இருந்தனர். அவர்கள் சிவஞான சித்தியாரை எண்ணிப் பார்த்திருக்கலாம். அருணந்தி சிவாசாரியார் அந்நூலைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்துப் பிறர் கொள்கைகளை முதற்கண் விரித்துரைத்து, அதன்பின்னரே மறுக்கின்றார். உலகாயதர், பௌத்தர், சமணர் முதலாயினார் கூறுவது யாதென ஐயந்திரிபறக் கற்றாலன்றி அங்ஙனம் எழுதுதல் இயலுமோ? சிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியரும் சமணர் அல்லர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை என்றும், அதனால் அச்சமய நூல்களைக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்றும் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகின்றது.

அந்நச்சினார்க்கினியர் உரையே ஐயரை அடுத்த வினாவிற்குச் செலுத்தியது. உரையில் மேற்கோள்கள் மலிந்துள்ளன. பலவற்றிற்கு நூற்பெயர் இல்லை. இப்பாட்டுகள் எந்நூலைச் சார்ந்தவை? பொருள் விளங்கினாற் போதுமென்று பிறர் கடந்து செல்லும் இடத்தில் ஐயர் நின்றார். பிரதிகளைப் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிட்டார். சொற்களுக்கு அகராதி குறித்துக்கொண்டார். பழஞ்சுவடிகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்தார். சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பெயரறியாது கிடந்த மேற்கோள்களின் மூலமோ திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில், சுவாமிநாத தேசிகர் சார்ந்திருந்த அதே ஆதீனத்தில், அவர் வேண்டாவென்ற நூல்களாகவே கிடைத்தது. 1889இல் பத்துப்பாட்டு நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.