கரி எல்லாம் ஒரே கரி அன்று

கரிசற் பாங்கான ஊர் ஒன்றில் சங்கத் தணிக்கைக்கு நாம் சென்றிருந்தபோது, இருப்புப் பதிவேட்டில் “கரி - 60 மூட்டை” என்னும் ஒற்றை வரியைக் கண்டோம். உயிர்க்கரி, அதாவது பயோசார் என இந்நாளில் வழங்கப்பெறும் பொருள், மண்ணைத் திருத்தும் எனக் கேள்வியுற்ற நிர்வாகக் குழுவினர், சங்கப் பணத்தைக் கொண்டு இரண்டு இடங்களில் கரி வாங்கி அங்கத்தினர்களுக்குப் பங்கிட்டிருந்தனர். ஒன்று அரிசி ஆலையின் உமிக்கரி; மற்றொன்று சீமைக்கருவேல் மூட்டத்துக் கரி. சிலர் பயிர் தெளிந்தது என்றனர். சிலர் வெளுத்துப் போயிற்று எனக் குறைப்பட்டனர். எவருக்கு எக்கரி சென்றது என்று சொல்லப் பதிவேட்டில் வழியில்லை. பணம் செலவாயிற்று, பாடமும் கிட்டவில்லை.

கரி என்பது பெயரால் ஒன்றாயினும் குணத்தால் பலவாகும். முதலாவது, எதிலிருந்து ஆக்கப்பட்டது என்பது. உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலே. அதிலும் பெரும்பகுதி மணலுக்கு உறவான சிலிக்கா. எரிந்தபின் உமிக்கரியில் சாம்பலின் பங்கு இன்னும் மிகும். மரக்கரியிலோ சாம்பல் சொற்பம், கரிமம் அதிகம். பருத்திமார் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

இரண்டாவதாகிய வெப்பமே தலையாயது. காற்றை அடக்கி 350 டிகிரி சென்டிகிரேடு அளவில் வேகவைத்தால் கரி மிகுதியாகக் கிடைக்கும்; காய்ந்த மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு தேறும். தழைச்சத்திலும் ஓரளவு தங்கும். ஆயினும் எளிதில் சிதையும் பிசின் போன்ற பொருள்கள் அதில் எஞ்சிநிற்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை உண்ணும்பொழுது, பயிருக்குரிய தழைச்சத்தையும் தமக்கென இழுத்துக்கொள்ளும். பயிர் சில வாரம் வெளுப்பது இதனாலும் ஆகலாம். 600 டிகிரிக்கு மேற்சென்றால் கரி நான்கில் ஒரு பங்காகக் குறையும். தழைச்சத்தும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். ஆனால் நுண்துளைகள் பெருகி, ஒரு கிராம் கரியின் உட்பரப்பு சில நூறு சதுர மீட்டர் வரை விரியும். மண்ணில் நெடுங்காலம் சிதையாது நிற்கும். காரத்தன்மையும் கூடும்.

காரம் என்னும் இவ்விடத்தில் சற்று நின்று செல்லல் வேண்டும். உயர்வெப்பக் கரியின் கார அமிலநிலை 9, 10 என்ற அளவுக்கு ஏறுவதுண்டு. நீலகிரித் தேயிலை நிலம் போன்ற புளிப்பு மண்ணுக்கு அது சுண்ணாம்பு இட்டாற்போல உதவும். ஏற்கெனவே 8-க்கு மேல் நிற்கும் கரிசலுக்கு அதே கரி என்ன உதவி செய்யும்? அவ்வூராரின் ஐயத்திற்கு விடை இதில் பாதி அடங்கியுள்ளது என்பது நமது கருத்து.

நம் பக்கத்து மண்மூட்டத்தில் வெப்பம் ஒரு சீராக இராது. நடுவில் நன்கு வெந்தது, ஓரத்தில் அரைகுறையாகக் கருகியது என ஒரே மூட்டத்தில் இருவகையும் கிடக்கும். கையில் தேய்த்துப் பாருங்கள்: வெறுந்தண்ணீரில் மை கழுவப்பட்டால் நன்கு வெந்தது, பிசுக்காக ஒட்டி, சோப்பில்லாமல் போகாதாயின் குறைவெப்பக் கரி. இது ஆய்வுக்கூடச் சோதனை அன்று. வாங்குமுன் எச்சரிக்கைக்கு ஆகும். ஐரோப்பியத் தரச்சான்று முறையினர், கரியின் ஹைட்ரஜன் அணுக்களுக்கும் கரிம அணுக்களுக்கும் உள்ள விகிதம் 0.7-க்கு மேற்படலாகாது என்று வரையறுத்துள்ளனர். அதற்கு ஆய்வுக்கூடம் தேவை.

மூன்றாவது, அவிக்கும் முறை. நீர் தெளித்து அவித்தால் உப்பும் காரமும் ஓரளவு கழுவப்படும். மண்மூடி அவித்தால் அவை கரியிலேயே தங்கும். மண்மூடி அவித்த புதுக்கரியை ஆறவிடாது கிடங்கில் அடுக்குதல் ஆபத்து. காற்றுப்பட்டு உள்ளே மீண்டும் கனலும். இரண்டொரு நாள் திறந்தவெளியில் பரப்பி வைத்துப் பின் உள்ளே கொண்டுசெல்க.

இறுதியாக, பக்குவம். வெறுங்கரி எரு அன்று. சத்தைத் தாங்கி நிற்கும் கலம். வெறுங்கலத்தை வயலில் வைத்தால் அது முதலில் தன்னை நிரப்பிக்கொள்ளவே பார்க்கும். ஆதலின் கரியைப் பொடித்து, தொழுவுரத்தோடும் மாட்டுக் கோமியத்தோடும் கலந்து, ஈரம் காயாமல் சில வாரம் மூடிவைத்து இடுதல் நலம். முதலில் ஒரு பாத்தியில் மட்டும் இட்டு, பக்கத்துப் பாத்தியை வெறுமனே விட்டு ஒப்பிடுக.

நெசவாள அங்கத்தினர்க்கும் ஒரு சொல். சிரட்டைக்கரியை 800 முதல் 900 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால், சாயநீரைத் தெளிவிக்கும் கிளர்வுற்ற கரி ஆகிறது. அடுப்புக்கரியைச் சாயத் தொட்டியில் கொட்டிவிட்டு அதே பயனை எதிர்பார்த்தல் வீண். சாயம் உறிஞ்சிய கரியை எக்காரணம் கொண்டும் வயலுக்கு அனுப்பலாகாது.

அவ்வூர்ப் பதிவேட்டில் “கரி” என்பதற்குப் பக்கத்தில் நாம் ஐந்து கட்டங்கள் கோடிட்டு வந்தோம்: மூலப்பொருள், ஆக்கிய முறையும் வெப்பமும், அவித்த விதம், கார அமிலநிலை, பெற்ற அங்கத்தினரின் எண்.