தேதி ஒரு நாள் பின்வாங்குவது ஏன்?

2015-03-01 என்று எழுதினால் அது மார்ச்சு முதல் தேதியைக் குறிக்கும் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. ஆயினும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரே நிரல், இத்தேதியைப் படித்துச் சென்னையில் மார்ச்சு 1 என்றும், நியூயார்க்கில் பிப்ரவரி 28 என்றும் காட்டுதல் கூடும். இயந்திரம் பழுதுபட்டதால் நேர்வதன்று இது.

இம்மொழி 1995-இல் பிரெண்டன் ஐக் என்பவரால் மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கப்பட்டது. தேதியைக் கையாளும் பகுதி ஜாவா மொழியினின்றும் எடுத்துக்கொள்ளப்பட்டது. இதில் தேதி என்பது நாட்காட்டியின் தாளன்று. 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொட்டுக் கழிந்த மில்லி செகண்டுகளின் எண்ணிக்கையே ஆகும். ஆதலின் தேதியை மட்டும் கொடுக்குமிடத்து, அது எவ்வூர் நள்ளிரவு என்பதையும் மொழியே முடிவு செய்தாக வேண்டும்.

முடிவு ஒருபடித்தாக இல்லை. சிறுகோடிட்ட தேதி தனித்து நின்றால் உலகப் பொது நேரமாகக் கொள்ளப்படும். அதனுடன் மணியும் சேர்ந்து, நேர வலயம் குறிக்கப்படாதிருந்தால் உள்ளூர் நேரமாகும். 2009-இன் தரவிதி இரண்டையும் பொது நேரமென்றே கொண்டது. 2015-இல்தான் பின்னது மாறியது. இவ்விரட்டை விதி வருந்தத்தக்கதே. சாய்கோடிட்ட 2015/03/01 தரவிதிக்குள் அடங்காது. உலாவிகள் பொதுவாக அதை உள்ளூர் நேரமாகக் கொள்கின்றன. 03/04/2015 என்பதை அவை மார்ச்சு 4 என்று படிக்கும். இந்தியர் கருதுவதோ ஏப்ரல் 3. 25/04/2015 எனில் பெரும்பாலும் செல்லாத தேதி என்ற விடையே வரும். ஆகவே மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் இப்பிழை சத்தமின்றி நிகழும்.

இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது. எனவே பொது நேர நள்ளிரவு இங்கு அதே தேதியின் காலை 5.30 ஆகிறது, குறை கண்ணில் படுவதில்லை. எழுதும்போதுதான் அது வெளிப்படும். இந்திய நள்ளிரவாக வைக்கப்பட்ட மார்ச்சு 1, பொது நேர வடிவில் பிப்ரவரி 28, 18.30 மணியாகும். அவ்வடிவின் முதல் பத்து எழுத்துக்களை மட்டும் வெட்டிச் சேமிக்கும் நிரல், பிறந்த தேதியை ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்துவிடும். வயது வரம்பின் எல்லையில் நிற்கும் விண்ணப்பதாரருக்கு இஃது அற்ப விஷயமன்று.

குறையைத் தேடுவோர் கணிப்பொறியின் நேர வலயத்தை நியூயார்க் என மாற்றி நிரலை மீண்டும் இயக்கிப் பார்த்தல் வேண்டும்; பின்னர் இந்திய வலயத்தில் சேமித்துப் பார்த்தல் வேண்டும். பிறந்த தேதி போன்றவற்றை எழுத்து வடிவிலேயே வைத்துக்கொள்வது நன்று. கணக்கிட வேண்டுமாயின், ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைத் தனித்தனி எண்களாகப் பிரித்துக் கொடுக்கலாம். அப்போது மாதத்தில் ஒன்றைக் கழிக்க மறத்தலாகாது. இம்மொழியில் ஜனவரி 0, மார்ச்சு 2.