ஒரு சொட்டு இரத்தத்தில் மின்வேதியியல்



சாயல்குடிப் பக்கம் பனைமரத்துக்குப் பஞ்சமில்லை. எங்க அப்பத்தா கருப்பட்டி காய்ச்சும். அதற்குச் சர்க்கரை வியாதியும் உண்டு. ஒருநாள் சோதித்தபோது மீட்டர் 412 காட்டியது. "என்னய்யா, மிசினு என்ன சொல்லுது?" என்று கேட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்தான். பயத்தில் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்துவிட்டேன். அப்புறம்தான் விரலைப் பார்த்தேன். கருப்பட்டிப் பிசுக்கு! சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டுப் பார்த்தால் 168.

மீட்டர் ஏன் ஏமாந்தது?

ஸ்ட்ரிப்பின் நுனியில் சிறிய மின்முனைகள் உள்ளன. அவற்றின்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்ற ஓர் என்சைமும், ஃபெரிசயனைடு போன்ற ஓர் இடைத்தூதுப் பொருளும் பூசப்பட்டிருக்கும். என்சைம் ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்தும் 2 எலெக்ட்ரான்களை வாங்கும். தூதுப்பொருள் அவற்றை மின்முனைக்குக் கடத்தும். குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டமும் கூடும். அதைத்தான் மீட்டர் எண்ணாக மாற்றுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மி.கி./டெ.லி. அளவுள்ள 1 மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் இருப்பது 1 மைக்ரோ கிராம் குளுக்கோஸ். அது முழுவதும் வினைபுரிந்தால், ஃபாரடே விதிப்படி சுமார் 1 மில்லி கூலம் மின்னூட்டம் கிடைக்கும். அவ்வளவுதான்!

கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். அதை இந்த என்சைம் சட்டை செய்யாது. ஆனால் அதில் கொஞ்சம் குளுக்கோஸும் கலந்திருக்கிறது. இவ்வளவு சின்னச் சொட்டில் அந்தக் கொஞ்சமே போதும். மீட்டர் பொய் சொல்லவில்லை; விரலில் இருந்ததையும் சேர்த்து அளந்துவிட்டது.

வளர்ந்த கதை

1962-ல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க், லயன்ஸ் இருவரும் என்சைம் மின்முனை என்ற கருத்தை வெளியிட்டனர். 1987-ல் பேனா அளவு மீட்டர் விற்பனைக்கு வந்தது. நமக்குப் பக்கத்தில் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறக்கப்பட்டது. அங்கே உயிர் உணரிகள் பற்றியும் ஆராய்ச்சி நடக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் மீட்டர் இருக்கலாம். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்துங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். எண்ணைக் கண்டு பயந்து நாமாக மருந்தை மாற்ற வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். படித்த பிள்ளை சொன்னால் வீட்டில் அப்படியே நம்புவார்கள். அதனால் சரியாகத் தெரிந்துகொண்டு சொல்வோம்.