உலர்த்துவதற்கேற்ற தக்காளியினத்தைத் தெரிவுசெய்தல்



வட மாகாணத்தில் மாரி மழையை அடுத்து நாட்டப்படும் தக்காளி மாசி, பங்குனி மாதங்களில் ஒருங்கே பழுக்கின்றது. எல்லாத் தோட்டங்களிலும் ஒரே காலத்திற் பழம் பெருகுவதால் விலை வீழ்ந்து, பறிக்கும் கூலியும் லொறிக் கூலியுமே மீளாத நாள்கள் உண்டு. அதே மாதங்களிற்றான் வானம் தெளிந்து வெயிலும் கடுமையாகின்றது. ஆகவே மிஞ்சிய பழத்தை உலர்த்தி விற்கலாமே என்னும் எண்ணம் உங்களிற் பலருக்குத் தோன்றியிருத்தல் கூடும். எண்ணம் நன்றே. ஆயினும் சந்தைக்கென நாட்டிய எந்தப் பழமும் உலர்த்துவதற்கு உதவும் என்று கருதலாகாது. இவ்வேலை பழம் பழுத்தபின் தொடங்குவதன்று. விதை தேடும்போதே தொடங்குவது.

தக்காளிப் பழத்தில் 100 பங்குக்கு ஏறக்குறைய 93 முதல் 95 பங்கு வரை நீரே. எஞ்சிய சிறு பங்கே உலர்பொருள். வெயிலில் நீர் போனபின் உங்கள் கையில் நிற்பதும் நீங்கள் விற்பதும் அச்சிறு பங்குதான். 100 கிலோகிராம் பழத்தில் 5 கிலோகிராம் உலர்பொருள் இருப்பின், ஈரம் நூற்றுக்கு 15 பங்காகும்வரை உலர்த்தும்போது ஏறக்குறைய 5.9 கிலோகிராம் வற்றல் கிடைக்கும். உலர்பொருள் 7 கிலோகிராமாக உள்ள இனமாயின் 8.2 கிலோகிராம் கிடைக்கும். நிலம் அதே நிலம். பறித்த கூலியும் வெட்டிய கூலியும் அதே கூலி. இனம் ஒன்றினால் மட்டும் வற்றல் ஒன்றரைப் பங்கிற்குச் சற்றுக் குறைவாக உயருகின்றது. அன்றியும், நீர் மிகுந்த பழம் பாயில் நெடுநாள் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும் அபாயமும் அதிகம்.

சேதன முறையில் உலர்த்துவோர் இதனை மேலும் கவனித்தல் வேண்டும். ஏனையோர் கந்தகப் புகையூட்டி நிறத்தைக் காப்பர், பூஞ்சணத்தையும் தடுப்பர். சேதனச் சான்றுடன் விற்கும் தக்காளி வற்றலுக்கு அது ஆகாது. உப்பும் வெயிலும் காற்றுமே உங்களுக்குத் துணை. ஆகையால் கந்தகம் செய்யும் வேலையின் பெரும்பகுதியை இனமே செய்தல் வேண்டும். உள்ளும் புறமும் ஆழ்ந்த சிவப்பாகப் பழுக்கும் இனமே உலர்ந்தபின்னும் சிவப்பாக நிற்கும். காம்பைச் சுற்றிப் பச்சை அல்லது மஞ்சள் தோள் விடும் இனங்களின் அப்பகுதி காய்ந்தபின் வெளிறிக் கடினமாகிவிடும்.

பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையறைகள் இரண்டோ மூன்றோ ஆகவும், சுற்றுச்சதை தடித்தும், விதையைச் சூழ்ந்த கூழ் குறைந்தும் இருப்பது உலர்த்துவதற்கு நன்று. ஐந்தாறு அறைகளும் நிறைந்த சாறும் உடையது கறிக்கும் சம்பலுக்கும் சிறந்ததேயன்றி, வெயிலில் வைத்தால் தோலும் விதையுமாக எஞ்சும். 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட மார்குளோப் என்னும் பெரிய உருண்டை இனம் இவ்வகையினது. 1950களில் அந்நாட்டு விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ரோமா, நீள்முட்டை வடிவும் தடித்த சதையும் உடையது. செடி குட்டையாக வளர்ந்து குறுகிய காலத்துள் காய்ப்பை முடிக்கும். மழையற்ற சில வாரங்களையே நம்பியிருக்கும் நமக்கு இக்குணம் மிகவும் வாய்ப்பானது. இத்தாலியின் சான் மார்சானோ சுவையிலும் சதையிலும் சிறந்ததாயினும் உயர்ந்து படர்வது. தடி நட்டுக் கட்டல் வேண்டும். நீர் ஒழுங்காகக் கிடையாவிடின் இத்தகைய நீண்ட காய்களின் அடிப்பாகம் கறுத்து அழுகும். அந்நாட்டார் உலர்த்துவதற்கென்றே வைத்திருக்கும் பிரின்சிப்பே போர்கேசே என்பது சிறு பழ இனம். சிறு பழங்கள் விரைவில் உலருமெனினும் வெட்டும் வேலை பன்மடங்காகும். வீட்டில் எத்தனை கைகள் உண்டென்பதை எண்ணிப் பார்த்தே அதை நாடுக.

இனி, இவை யாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் நிலத்தில் பற்றீரியா வாடல் நோய் இருக்கின்றதா? நல்ல சதையுள்ள இனம் காய்க்குமுன் சாகுமாயின் உலர்த்துவதற்கு எதுவும் இராது. இலை பசுமையாக இருக்கும்போதே செடி திடீரென வாடினால், தண்டின் அடியை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போன்ற இழை கீழிறங்கினால் அந்நோயே. மருந்தினால் இதனை மாற்றவியலாது. கிருமி மண்ணிற் பல்லாண்டு தங்கும். அத்தகைய நிலத்தில் ரோமாவை நாட்டல் வீண். விதைப்பையில் ‘வீ, எஃப்’ என்னும் எழுத்துகளைக் கண்டு வாடல் தாங்குமென நம்பிவிடாதீர்கள். அவை பூஞ்சணத்தால் உண்டாகும் வேறிரு வாடல்களைக் குறிப்பன. பற்றீரியா வாடலுக்கு நம் நாட்டில் வெளியிடப்பட்ட திலின போன்ற எதிர்ப்புடைய இனங்களையே நாடல் வேண்டும். வற்றல் சிறிது குறைந்தாலும் அதுவே மேல். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவற்றின் பின் தக்காளி நாட்டாது, நீர் நின்று நெல் விளைந்த வயலில் நாட்டுவதும் நோயைக் குறைக்கும்.

ஒரே முறையில் முழுத் தோட்டத்தையும் புதிய இனத்திற்கு விடாதீர்கள். இவ்வாண்டு மூன்று இனங்களில் இருபது இருபது செடிகள் ஒரே மேட்டில் ஒரே நீர்ப்பாய்ச்சலுடன் நாட்டுங்கள். நீர் மிகுந்தால் எந்த இனத்திலும் உலர்பொருள் குறையுமாதலால், நிலமும் நீரும் ஒன்றாயிருத்தல் இன்றியமையாதது. ஒவ்வொன்றிலும் நன்கு சிவந்த பழம் 2 கிலோகிராம் நிறுத்து, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகம் மேல்நோக்க, நிலத்தினின்று உயர்த்திய தட்டில் வலையால் மூடி உலர்த்துங்கள். மாலையில் பனி படாது உள்ளே எடுத்தல் வேண்டும். தோல்போல வளைந்து, அழுத்தினால் ஈரம் கசியாத நிலையில் மீண்டும் நிறுங்கள். 120 கிராமளவில் நிற்பது நீர்ப் பழம். 160 கிராமை எட்டுவது நீங்கள் தேடுவது. மூன்று தட்டுகளையும் பக்கத்தில் வைத்து நிறத்தையும் ஒப்பிடுங்கள். தூரச் சந்தைக்கு அனுப்பும் வழக்கத்தால் அரைப் பழமாகப் பறித்துப் பழகியவர்கள், உலர்த்தும் பழத்தைச் செடியிலேயே முழுதும் சிவக்க விடல் வேண்டும்.

கலப்பின விதை கண்ணைக் கவரும் விளைவைத் தரலாம். எனினும் அதன் பழத்திலெடுத்த விதை தாயைப்போல் வாராது. ஆண்டுதோறும் வாங்கல் வேண்டும். இரசாயன மருந்து பூசிய விதையும் சேதனச் செய்கைக்கு ஒவ்வாது. சோதனையிற் சிறந்தது கலப்பினமல்லாததாயின், வாடாத செடிகளுள் நற்செடியொன்றின் பழத்தைப் பிசைந்து, கூழை ஓரிரு நாள் புளிக்கவைத்துக் கழுவி, விதையை நிழலில் உலர்த்திப் புட்டியில் இட்டு, இனத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டி வையுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மூன்று தட்டுகளின் நிறையையும் காட்டினால், அடுத்த மாரிக்கு எவ்வளவு நிலம் நாட்டலாமென்று அவருடன் கலந்து முடிவுசெய்யலாம்.