நாற்பதாயிரம் யாருக்கு, எப்படி? சத்துமாவு தொழிலில் இறங்கும் இளைஞர்களுக்கு ஒரு மானியக் கணக்கு

"சத்துமாவு அரைச்சு விக்கலாம்னு இருக்கோம். அரசு ஆளுக்கு நாற்பதாயிரம் சும்மா தருதாமே?" இப்படி ஒரு செய்தி உங்க வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கலாம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்காம இறங்கினால் கையில் இருக்கிற பணமும் போய்விடும்.

பழங்காநத்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உழவர் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. முருங்கைக்கீரை, நெல்லிக்காய், பயறு வகைகளை இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடமே வாங்கலாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் 2022 செப்டம்பர் 15 அன்று இதே ஊரில், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. ஆனால் அந்தத் தட்டு பள்ளிக் குழந்தைக்கு. வெறும் வயிற்றோடு கல்லூரிக்கும் கடை வேலைக்கும் ஓடுகிற பெண்களுக்கு? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. நல்ல சத்துமாவுக்குத் தேவை இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

இனி பணத்துக்கு வருவோம். அந்த நாற்பதாயிரம் பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில் வருவது. மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்ளும் இந்தத் திட்டம் 2020-ல் தொடங்கியது. இதில் 'தொடக்க மூலதனம்' என்ற பெயரில் சுய உதவிக்குழு உறுப்பினர் ஒருவருக்கு ரூ.40,000 ஒதுக்கப்படுகிறது. நடைமுறைச் செலவுக்கும் சிறு கருவிகள் வாங்கவும் அது. கவனிங்க: ஏற்கெனவே உணவுப் பொருள் தயாரித்து வருகிற உறுப்பினருக்குத்தான் கிடைக்கும். இனிமேல் தொடங்கப் போகிறவருக்கு இல்லை. பணம் மானியமாகப் போய்ச் சேருவது குழுக்களின் கூட்டமைப்புக்கு. உறுப்பினர் கைக்கு அது கடனாகத்தான் வரும், திருப்பிக் கட்டணும். "சும்மா" என்ற சொல் இங்கேதான் தப்பு.

சுய உதவிக்குழுவில் இல்லாத இளைஞர்களுக்கு வேறு வழி உண்டு. 'இளைஞர் குழு' என்று தனிப் பிரிவு எதுவும் கிடையாது. 18 வயது நிரம்பிய ஒருவர் தனியாகவோ, நண்பர்கள் சேர்ந்து கூட்டாண்மை நிறுவனமாகவோ விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு ரூ.10 லட்சம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வறுக்கும் இயந்திரம், அரவை இயந்திரம், உறை ஒட்டும் கருவி எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய் திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (நிலம் வாங்கும் செலவைச் சேர்க்க முடியாது.) உங்க பங்கு குறைந்தது 10 சதவீதம், அதாவது 60,000. வங்கிக் கடன் 5,40,000. மானியம் 2,10,000. இந்த 2,10,000 உங்க சேமிப்புக் கணக்குக்கு வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே தனிக் கணக்கில் நிற்கும். அந்தத் தொகைக்கு வங்கி உங்களிடம் வட்டி வாங்காது, ஆக வட்டி ஓடுவது 3,30,000-க்குத்தான். மூன்று வருஷம் கழித்து, தவணை ஒழுங்காகக் கட்டி, கடையும் நடந்துகொண்டிருந்தால், மானியம் கடனில் கழிக்கப்படும்.

ஆக அந்த மூன்று வருஷம் மானியமே இல்லை என்று நினைத்துத்தான் மாவு விலையைப் போடணும். மாதத் தவணை, கடை வாடகை, கரண்ட் பில், உங்க சம்பளம் (இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்) எல்லாம் விற்பனையிலிருந்தே வரணும். அது வரவில்லை என்றால் இயந்திரத்தைச் சின்னதாக்குங்கள். முதல் ஆறு மாதம் பக்கத்து மில்லில் கூலிக்கு அரைத்து விற்றுப் பார்ப்பது இன்னும் நல்லது. நான் அதைத்தான் சொல்வேன்.

மாவின் தரத்தையும் பார்க்கணும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. ஆனாலும் தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள், இரும்பையும் கால்சியத்தையும் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ள விடாது. ஊறவைத்து முளைகட்டி, நன்றாகக் காயவைத்து, இளவறுப்பாக வறுத்து அரைத்தால் அது குறையும். நம்ம பாட்டிமார் செய்த முறைதான். கஞ்சி குடித்த கையோடு டீ குடிக்க வேண்டாம், ஒரு நெல்லிக்காய் சாப்பிட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். இதை உறையிலேயே அச்சிடலாம். 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சிறு தயாரிப்பாளருக்கு வருடத்துக்கு 100 ரூபாய் கட்டணம், போன்லயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண், சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்தணும் என்பது எல்லாம் உறையில் இருக்கணும். உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இணையதளம் திறந்ததும் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்க. அதே பெயரில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன.

திட்ட அறிக்கை எழுதத் தெரியாது என்று ஏஜென்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். மாவட்டந்தோறும் வள வல்லுநர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஊதியம் திட்டத்திலிருந்தே போகிறது. அழகர்கோவில் சாலையில் உள்ள மாவட்ட தொழில் மையத்தில் கேட்டால் தொடர்பு கிடைக்கும். மத்திய அரசு இந்தத் திட்டத்துக்கு 2025-26 வரை நிதி ஒதுக்கியிருந்தது. அதனால் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை அங்கேயே முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்கவில்லை என்றால், எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கான மாநில அரசின் வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையும் (மானியம் 25 சதவீதம்) அதே அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வங்கியில் "அடமானம் என்ன இருக்கு?" என்று கேட்டால் தயங்க வேண்டாம். குறு, சிறு தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்ப எண்ணையும் அந்தக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.